தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை, யாரைக் கேட்பது?

[காட்சி: கடலூர் – புதுச்சேரி சாலை, முள்ளோடை எல்லை]

குரல்: கடலூரில் பாண்டி பஸ் ஏறினால், தென்பெண்ணைப் பாலம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் முள்ளோடை வந்துவிடும். அதற்கு மேல் புதுச்சேரி. இரு பக்கமும் ஒரே வயல், ஒரே சனம், பெண் கொடுப்பதும் எடுப்பதும்கூட உண்டு. ஆனால் தெருக்குழாய் நின்றுபோனால், கேட்கப் போகிற இடம் வேறு.

கடலூர் பக்கம் முதலில் டேங்க் ஆபரேட்டர். அவர் மோட்டார் எரிந்துவிட்டது என்பார். அப்புறம் வார்டு மெம்பர், பஞ்சாயத்துத் தலைவர். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். இருவருக்கும் ஆகாது என்றால் மோட்டாரும் ஓடாது!

[காட்சி: பூட்டிய ஊராட்சி அலுவலகம்]

குரல்: அந்தத் தலைவரே இல்லாவிட்டால்? தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் ஊராட்சித் தலைவர், மெம்பர்களின் பதவிக்காலம் முடிந்தது. 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது, அதுவரை அரசு போட்ட தனி அலுவலர்தான் நடத்தினார். அப்போது வென்றவர்களின் காலமும் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, கடலூர் ஊராட்சிகள் மறுபடி தனி அலுவலர் கைக்குப் போயின. ஊராட்சிக்குத் தனி அலுவலர் என்றால் பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். ஓர் ஒன்றியத்தில் 40, 50 ஊராட்சிகள்கூட இருக்கும். எரிந்துபோன உங்கள் ஊர் மோட்டார் அவர் மேஜையில் எத்தனையாவது கோப்பாக இருக்கும், நீங்களே கணக்குப் போடுங்கள். பணத்திலும் அடி உண்டு. மத்திய அரசின் 15-வது நிதிக்குழு மானியம் (2021–26) வேண்டுமென்றால், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இருக்க வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது.

தலைவர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. 2020-ல் புவனகிரி அருகே ஓர் ஊராட்சியில், பட்டியல் சமூகத்துப் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் நாடு முழுக்கப் போனது. இதுவும் நம் மாவட்டம்தான்.

[காட்சி: பாகூர் ஏரிக்கரை]

குரல்: எல்லை தாண்டி, புதுச்சேரியின் பாகூர் பக்கம் போவோம். அங்கே பஞ்சாயத்துத் தேர்தல் 1968-ல் நடந்தது. அடுத்தது 2006-ல், 38 வருஷம் கழித்து! அதில் வென்றவர்கள் காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேதி குறித்தும், இடஒதுக்கீட்டு வழக்கில் நின்றுபோனது. நிர்வாகம், பல ஊர்ப் பஞ்சாயத்துகளைச் சேர்த்த கொம்யூன் பஞ்சாயத்தின் ஆணையரிடம், அதாவது அரசு அதிகாரியிடம் போய்விட்டது. மக்கள் நேரே எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போகிறார்கள். 30 தொகுதிதான், ஒன்றுக்குச் சுமார் 30 ஆயிரம் வாக்காளர் என்பதால் ஆளைப் பிடிப்பது சுலபம். ஆனால் போன தேர்தலில் எதிர் அணிக்கு வேலை பார்த்த தெருவுக்குச் சாக்கடை எப்போது கட்டுவார்கள்?

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையோடு, சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீரும் தென்பெண்ணையில் வந்தது. ஆற்றின் இரு கரையிலும் ஊர்கள் முங்கின. எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி படுத்திருக்கிறார் என்று தாலுகா ஆபீசுக்குத் தெரியாது. வார்டு மெம்பருக்குத் தெரியும். தேர்தல் தள்ளிப்போவதில் இழப்பது இந்த ஆளைத்தான்.

[காட்சி: கிராம சபைக் கூட்டம்]

குரல்: சரி, இப்போது என்ன செய்யலாம்? தலைவர் இல்லாவிட்டாலும் தமிழ்நாட்டில் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் உறுப்பினர்தான். கோரிக்கையை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடிக்கட்டும், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். காலிப் பக்கத்தில் போடவே வேண்டாம். நகலும் கேட்டு வாங்குங்கள், ‘அப்படி ஒன்று பேசவே இல்லையே’ என்று சொல்ல முடியாது.

பாகூர் பக்கத்தார் கொம்யூன் ஆணையருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே கேள்வி: என் மனு இப்போது யார் மேஜையில் இருக்கிறது? 30 நாளில் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.