கார்ட்டோ, தீபோ, கஸால்ஸ்

நேயர்களுக்கு வணக்கம். பியானோ, வயலின், வயலினின் பெரிய அண்ணன் மாதிரியான செல்லோ, மூன்றும் சேர்ந்து வாசித்தால் அதைப் பியானோ டிரையோ என்பார்கள். அப்படிப்பட்ட குழுக்களில் இன்றும் பேசப்படுகிற ஒன்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் சேர்ந்தது. பியானோவில் ஆல்ஃபிரட் கார்ட்டோ, வயலினில் ஜாக் தீபோ, செல்லோவில் ஸ்பெயினின் கட்டலோனியாக்காரரான பாப்லோ கஸால்ஸ்.

சேரும்போது மூவருக்கும் முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் தனித்தனியே பெயர் வாங்கியிருந்தார்கள். கஸால்ஸ் சிறுவயதில் பார்சிலோனாவின் காபிக் கடையில் வாசித்தவர். தீபோவுக்கும் பாரிஸில் கொஞ்ச காலம் அதே பிழைப்புதான். கார்ட்டோ வேறு ரகம். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் பெரிய இசைநாடகம் ஒன்றை 1902-இல் பாரிஸில் மேடையேற்றி, தானே நடத்தியவர். இப்படி மூன்று பேர் ஒன்றாக உட்கார்ந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கத்தானே செய்யும்?

இழுத்தார்கள். அதுதான் எனக்குப் பிடித்தது. 1926-இல் லண்டனில் எச்.எம்.வி. இசைத்தட்டு நிறுவனத்துக்காக, இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் பி ஃபிளாட் டிரையோவைப் பதிவு செய்தார்கள். மைக் வைத்து ஒலிப்பதிவு செய்யும் முறை வந்த புதிது. அதற்கு முன்பெல்லாம் ஒலியை வாங்கும் ஒரு கூம்புக்கு முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து வாசிக்க வேண்டும். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நாலு நிமிடம், மிஞ்சினால் நாலரை. அதனால் நடுநடுவே நிறுத்தித்தான் வாசித்தார்கள்.

அதன் இரண்டாம் பகுதியைக் கேட்டுப் பாருங்கள். பியானோ தாலாட்டுப் போல ஆடிக்கொண்டிருக்க, கஸால்ஸ் மெட்டைத் தொடங்குவார். அலங்காரம் இல்லாமல், நேராக. அதே மெட்டைத் தீபோ வாங்கும்போது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போவார். இப்போதைய வயலின்காரர்கள் இதைப் பழைய பாணி என்று ஒதுக்கிவிட்டார்கள். நமக்கோ கர்நாடக சங்கீதத்தில் இப்படி வழுக்கும் ஜாரு கேட்டுப் பழகிய காது. ஒரே மெட்டுதான், ஆனால் இரண்டு பேர் சொன்னது என்று தெளிவாகத் தெரியும். கார்ட்டோ அவ்வப்போது தப்பான கட்டையைத் தட்டுவதில் பேர்போனவர். தப்பே இல்லாத பதிவுகள் பிற்பாடு எத்தனையோ வந்தன. நான் திரும்பிப் போவது இதற்குத்தான்.

முப்பதுகளின் நடுவில் குழு கலைந்தது. அப்புறம் அரசியல் புகுந்தது. ஹிட்லர் வந்தபின் ஜெர்மனியில் வாசிக்க மாட்டேன் என்றார் கஸால்ஸ். சர்வாதிகாரி ஃபிராங்கோ ஸ்பெயினைப் பிடித்ததும் பிரான்ஸின் பிராட் என்ற சிற்றூரில் அகதியாகத் தங்கினார். கார்ட்டோவோ, ஹிட்லரின் ஜெர்மனியோடு ஒத்துப்போன பிரான்ஸின் விஷி அரசில் பொறுப்பு ஏற்றார், போர்க்காலத்தில் ஜெர்மனிக்கும் போய் வாசித்தார். போர் முடிந்ததும் பிரான்ஸில் கொஞ்ச காலம் அவருக்கு மேடை மறுக்கப்பட்டது. அவர் செய்ததை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் கஸால்ஸ் மன்னித்தார். 1958-இல் பிராட் இசைவிழாவில், எண்பதைத் தொட்ட இருவரும் சேர்ந்து பீத்தோவன் வாசித்தார்கள்.

அதைப் பார்க்க தீபோ இல்லை. 1953 செப்டம்பரில் அவர் போன விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோதியது. அவரோடு அவருடைய ஸ்ட்ராடிவேரியஸ் என்ற பழைய, அருமையான இத்தாலிய வயலினும் போயிற்று.

சரி, என் பேச்சு போதும். 1928-இல் இவர்கள் பதிவு செய்த பீத்தோவனின் ‘ஆர்ச்டியூக்’ டிரையோவிலிருந்து முதல் பகுதி இப்போது ஒலிக்கும். பியானோதான் தொடங்கும். கூடவே வரும் கொரகொரப்பு பழைய தட்டினுடையது. உங்கள் ரேடியோவைத் தட்டிப் பார்க்க வேண்டாம்.