எல்லாம் நன்மைக்கே என்று சொல்லாமல் நன்றி சொல்வது எப்படி?

(திரையில்: காலி செய்யப்பட்ட அலுவலக மேசை)

குரல்: வேலை போய்விட்டது. விசாரிக்க வருகிறவர்கள் எல்லாம் "எல்லாம் நன்மைக்கே" என்கிறார்கள். ஆறுதலுக்குப் பதில் எரிச்சல்தான் வருகிறது. வரத்தான் செய்யும். நடந்தது நல்லதில்லையே!

கெட்டதை நல்லது என்று பெயர் மாற்றாமலேயே அதை வேறு கோணத்தில் பார்க்க முடியும். உளவியலில் இதை மறுமதிப்பீடு என்கிறார்கள்.

(திரையில்: 1998, ஜேம்ஸ் கிராஸ்)

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கை துண்டிக்கும் அறுவைச் சிகிச்சைக் காட்சியைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார். ஒரு குழுவிடம், உணர்ச்சியை வெளியே காட்டாதீர்கள் என்றார். இன்னொரு குழுவிடம், இதை மருத்துவ நுட்பமாக மட்டும் பாருங்கள் என்றார். இரண்டாவது குழுவுக்கு அருவருப்பு குறைந்தது. அடக்கிக்கொண்டவர்களுக்கு முகம்தான் அமைதியானது. உள்ளே அருவருப்பு அப்படியே இருந்தது, உடலின் படபடப்பும் கூடியது. பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதை மன உறுதி என்று நினைக்கிறோம், பாருங்கள்!

சரி, நன்றியுணர்வு இதில் எங்கே வருகிறது?

(திரையில்: எழுதும் கை)

உளவியலாளர் பிலிப் வாட்கின்ஸ் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மனதில் இன்னும் முடிவுக்கு வராத ஒரு கசப்பான நினைவை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சிலர் அந்த நினைவைப் பற்றியே எழுதினார்கள். சிலர் சம்பந்தமில்லாத விஷயத்தை எழுதினார்கள். மூன்றாவது குழு, அந்தச் சம்பவத்தின் விளைவுகளில் இன்று நன்றியோடு நினைக்கக்கூடியது ஏதாவது உண்டா என்று யோசித்து எழுதியது. அந்தக் குழுவுக்குத்தான் நினைவின் கசப்பு அதிகம் குறைந்தது, "அது முடிந்த கதை" என்ற உணர்வும் கூடியது.

கேள்வியைக் கவனியுங்கள். "இது ஏன் நல்லது?" என்று யாரும் கேட்கவில்லை. அதனால் வேலை போனதற்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் யார் கூப்பிட்டுப் பேசினார்கள்? எதைச் சமாளிக்க முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது? பதில் இருந்தால் நன்றி அங்கே போகட்டும். ஒன்றும் கிடைக்கவில்லையா? விட்டுவிடுங்கள். வலிந்து தேடினால் பொய்தான் வரும்.

அப்புறம், சூடு ஆறாத காயத்தில் இதைச் செய்யாதீர்கள். அந்த நினைவு தூக்கத்தையே கெடுக்கிறது என்றால், தனியாக எழுதிப் பார்ப்பதைவிட மனநல நிபுணரிடம் போவது நல்லது.

(திரையில்: 2013, அலிசன் டிராய்)

இந்த முறைக்கு இன்னொரு எல்லையும் உண்டு. உளவியலாளர் அலிசன் டிராய் குழுவின் 2013 ஆய்வைப் பார்த்தால், நம் கையில் இல்லாத நெருக்கடியில் மறுமதிப்பீட்டுத் திறமை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. நம்மால் மாற்றக்கூடிய நெருக்கடியில் அதே திறமை மனச்சோர்வு கூடுவதோடு சேர்ந்து வந்தது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. தினமும் அவமானப்படுத்துகிற மேலாளரை "பொறுமை கற்றுத் தருகிறார்" என்று பார்க்கத் தொடங்கினால், புகார் எழுத வேண்டிய கை எழுதாது. அங்கே முதலில் புகாரை எழுதுங்கள்.