கேட் புஷ் எங்கேயும் தொலைந்துபோகவில்லை!

வணக்கம் மக்களே. டர்ன்டேபிள் ஊசி மாற்றும் வீடியோ அடுத்த வாரம் வரும். இன்றைக்கு வேறு விஷயம், கொஞ்சம் கோபமாகவே பேசப் போகிறேன். பிரிட்டன் பாடகி கேட் புஷ்ஷின் ‘ரன்னிங் அப் தட் ஹில்’ பாட்டை 1985இல் யாருமே கண்டுகொள்ளவில்லை, ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ என்ற நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்துதான் அதற்கு உயிர் கொடுத்தது என்று ஒரு ரீல் சுற்றுகிறது. லைக் வேறு குவிகிறது!

அதற்கு முன்னால் இதைக் காட்டிவிடுகிறேன். அந்தப் பாட்டு இருக்கும் ‘ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்’ ஆல்பத்தின் இசைத்தட்டு, செகண்ட் ஹேண்ட். கடைக்காரர் 4,200 சொன்னார். அட்டையின் முதுகில் கிழிந்த இடத்தில் டேப் ஒட்டியிருக்கிறது, தெரிகிறதா? கேமரா பக்கத்தில் கொண்டுவருகிறேன். அந்த டேப்பைக் காட்டியே 3,400க்கு முடித்தேன்.  என் பேரம் உங்களுக்குத் தெரியும்தானே! தட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். ‘ரன்னிங் அப் தட் ஹில்’ 1985இலேயே பிரிட்டன் ஹிட் பாட்டுப் பட்டியலில் 3ஆம் இடம். இந்த ஆல்பம் முதலிடம். இதை யாரும் கேட்கவில்லையாம்! அமெரிக்காவில் அப்போது 30ஆம் இடம்தான், 2022இல் 3க்கு ஏறியது. அங்கே அந்தத் தொடர் பெரிய வேலை செய்தது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மொத்தக் கதையையும் மாற்றலாமா?

1978இல் கேட் புஷ்ஷின் முதல் பாட்டு ‘வதரிங் ஹைட்ஸ்’ பிரிட்டனில் முதலிடம் வந்தபோது அவருக்கு 19 வயது. தானே எழுதிய பாட்டோடு அங்கே முதலிடம் பிடித்த முதல் பெண் அவர். பத்திரிகைகள் பேசியதோ அவர் உடையையும் கீச்சுக் குரலையும்தான். அட, முக்கியமானதை விட்டுவிட்டேன்: இசைத்தட்டுக் கம்பெனி முதல் சிங்கிளாக, அதாவது தனியாக வெளியிடும் பாட்டாக, வேறு பாட்டைத்தான் விடப் பார்த்தது. இதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான்.

அப்புறம் வீட்டுப் பண்ணையிலேயே ஸ்டுடியோ அமைத்தார், தானே தயாரித்தார். இந்த அட்டையில் இரண்டு நாய்களோடு படுத்திருக்கிறாரே, இந்தப் படத்தை எடுத்தது அவர் அண்ணன். தன்னை எப்படிக் காட்டுவது என்பதும் அவர் கைக்கு வந்துவிட்டது.

1993க்குப் பிறகு 12 வருடம் ஆல்பம் இல்லை. உடனே, வீட்டை விட்டே வராத விசித்திரப் பெண் என்று எழுதினார்கள். அவர் மகனை வளர்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். 2014இல் லண்டனில் 22 நாள் மேடையேறினார். டிக்கெட் எல்லாம் கால் மணி நேரத்தில் காலி! மறந்துபோனவருக்கா இப்படி?

2022 கதையில் ஒன்று பாக்கி. பிரிட்டன் பட்டியலில் பழைய பாட்டுகளின் ஸ்ட்ரீமுக்கு, அதாவது இணையத்தில் கேட்பதற்கு, பாதி மதிப்புதான். அந்த விதியால் ‘ரன்னிங் அப் தட் ஹில்’ 2ஆம் இடத்தில் நின்றது. பிறகு விலக்கு கொடுத்தார்கள், ஜூனில் முதலிடம், வெளிவந்து 37 வருடம் கழித்து. விலக்கு கொடுத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். இத்தனை பேர் இன்றைக்குக் கேட்கும் பாட்டுக்குப் பாதி மதிப்பு போடுவது அநியாயம்.

ரீலில் வருவது அந்த ஒரு பாட்டு மட்டும். நீங்கள் இந்தத் தட்டின் இரண்டாம் பக்கத்தைக் கேளுங்கள். இரவில் கடலில் தனியாக மிதக்கும் ஒரு பெண்ணின் கதை, 7 பாட்டுகளில். வரிசை மாற்றாமல் கேட்டுவிட்டு, எது பிடித்தது என்று கமெண்டில் எழுதுங்கள்.