உறைபனியில் இரண்டு தடங்கள்

வணக்கம் நேயர்களே. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரைப் பேசக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் கூப்பிட்டிருக்கிறார்கள், பழி என் மேல் இல்லை.

எலக்ட்ரான் ஒரு குட்டிக் காந்தம் மாதிரி. அதன் வலிமையைக் காகிதத்தில் கணக்கிட்டால் வருவதும் ஆய்வகத்தில் அளந்தால் வருவதும் பத்து இலக்கத்துக்கு மேல் ஒத்துப்போகின்றன. இந்தக் கணக்குக்கு அடிப்படை குவாண்டம் புலக் கோட்பாடு, அதாவது துகள்களை எங்கும் பரவியிருக்கும் புலங்களின் அசைவாகப் பார்க்கும் இயற்பியல். ஆனால் பாருங்கள், அந்தக் கோட்பாடு கணித முறைப்படி இருக்கிறதா என்பதே இன்னும் நிரூபணமாகவில்லை. 'விடைதான் சரியாக வருகிறதே, அப்புறம் என்ன?' என்று என் மனைவி கேட்பார். வம்பு என்னவென்றால், அந்த விடை திருத்தத்துக்கு மேல் திருத்தமாகக் கூட்டி வருவது; கூட்டிக்கொண்டே போனால் தொகை ஓரிடத்தில் நிற்காது என்று 1952-ல் இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் காரணம் காட்டினார். பாதியில் நிறுத்தினால்தான் கணக்கு சரியாக வரும் என்கிற மளிகைக்கடைக்கு நீங்கள் போவீர்களா?

சரி, அந்தக் கோட்பாட்டை ஒழுங்காகக் கட்டுவது எப்படி? நம்ம தேயிலைத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செடியும் ஒரு புள்ளி, அங்கே புலம் எவ்வளவு என்று அதில் ஓர் எண், பக்கத்துச் செடியின் எண் இதை இழுக்கும். இப்போது செடிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைக் குறைத்துக் குறைத்து பூஜ்யத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எண்கள் வெடித்துவிடக் கூடாது, துகள்கள் ஒன்றையொன்று பாதிப்பதும் மறைந்துவிடக் கூடாது. 1960களின் கடைசியில் கிளிம், ஜாஃபி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2 பரிமாணத்தில் இதைத் தொடங்கினார்கள், அப்புறம் 3 பரிமாணத்துக்கும் வழி பிறந்தது. நாம் வாழ்வதோ, நேரத்தையும் சேர்த்து, 4 பரிமாணம்.

இங்கேதான் என் கதை. சின்ன வயதில் எங்கள் வீடு ஊட்டியில் ஒரு பள்ளத்தில். தை மாதக் காலையில் புல்லெல்லாம் உறைபனி. அம்மா வெந்நீர் வைப்பதற்குள் நானும் தம்பியும் வெளியே ஓடி, கால் போன போக்கில் ஆளுக்கொரு பக்கமாக நடப்போம், திட்டம் போடக் கூடாது, அதுதான் விதி. அப்புறம் படியேறி நின்று பார்த்தால் வெள்ளைப் புல்லில் பச்சையாக இரண்டு தடங்கள், எங்கேயாவது ஒன்றையொன்று வெட்டியிருக்கும். நாங்கள் ஒரே நேரத்தில் அங்கே சந்திக்கவில்லை, தடம்தான் வெட்டுகிறது, அதைக் கவனியுங்கள். ஒரே ஒரு நாள் வெட்டவில்லை. தம்பி வேலியோரமாகவே நடந்து ஏமாற்றினான், இன்றுவரை ஒத்துக்கொள்ள மாட்டான்.

தரைக்குப் பதில் அறைக்குள் இலக்கில்லாமல் சுற்றும் இரண்டு கொசுக்கள் என்றாலும், 3 பரிமாணத்தில், தடங்கள் வெட்டும். 4 பரிமாணத்தில் வெட்டவே வெட்டாது! துகள்கள் ஒன்றையொன்று பாதிப்பதை, ஒரு வகை எளிய கோட்பாட்டில், இப்படித் தடங்கள் வெட்டிக்கொள்வதாகவே எழுதலாம். தடம் வெட்டாவிட்டால் பாதிப்பும் இல்லை, கட்டிய வீட்டில் ஆளே இல்லாத கதை. 4-க்கு மேற்பட்ட பரிமாணங்களில் அப்படித்தான் ஆகும் என்று ஐசன்மன், ஃப்ரோலிஷ் என்ற ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார்கள். 4 சரியாக எல்லைக்கோட்டில் நிற்பதால் இழுத்தடித்தது. அதே ஐசன்மன், டுமினில்-கோபன் என்ற கணிதவியலாளரோடு சேர்ந்து, 4-லும் அப்படித்தான் என்று 2021-ல் முடித்தார். கிட்டத்தட்ட நாற்பது வருஷம்!

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடமா இரண்டு வாக்கியமா தெரியவில்லை. அணுக்கருவைக் கட்டிவைக்கும் யாங்-மில்ஸ் கோட்பாட்டைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்: அதில் துகள்கள் கிட்டே போகப் போகப் பிடி தளரும் என்று 1973-லேயே தெரியும், அதனால் இடைவெளியைக் குறைத்தாலும் தாங்கும் என்று நம்பிக்கை. அதையும், அதில் வரும் துகள்களுக்குப் பூஜ்யத்துக்கு மேல் ஒரு குறைந்தபட்ச நிறை உண்டு என்பதையும் நிரூபிப்பவருக்கு 10 லட்சம் டாலர் என்று கிளே கணித நிறுவனம் 2000-ல் அறிவித்தது, பணம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. வணக்கம்.