கரையேறாத தாய்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் சிங்கப்பூரில் மண் பரிசோதனைத் துறையில் வேலை பார்ப்பவன். எம்ஆர்டி ரயில் தடமோ புதிய அடுக்குமாடிக் கட்டடமோ வருவதற்கு முன்னால் பூமியைத் துளையிட்டு, உள்ளேயிருந்து உருளை உருளையாகக் கல்லை எடுத்துப் பெட்டியில் அடுக்கி வைப்போம். அதைக் ‘கோர்’ என்போம். ஜூரோங் வட்டாரத்தில் துளையிட்டால் செம்ஊதா நிறத்தில் களிப்பாறையும் மணற்பாறையும் வரும். சில இடங்களில் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறையும் வரும். தண்ணீர் தெளித்துத் துடைத்தால் அடுக்கடுக்காகக் கோடுகள் தெரியும். அவற்றில் ஒரு பகுதி 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடலடிச் சேறு. ட்ரயாசிக் காலம் என்கிறார்கள். அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகளின் படிமங்கள் இந்தத் தீவின் பாறைகளிலேயே கிடைத்திருக்கின்றன.

அந்தக் காலத்திலும் அதற்குப் பின்னரும் உலகக் கடல்களில் நீந்திய பெரிய ஊர்வனவற்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

உடனே டைனோசர் என்று நினைத்துவிடாதீர்கள். கெண்ட் ரிட்ஜில் உள்ள லீ கோங் சியன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் மூன்று டைனோசர் எலும்புக்கூடுகள் நிற்கின்றனவே, அமெரிக்காவின் வயோமிங்கிலிருந்து வந்தவை, அவை நிலத்தில் நடந்தவை. கடலில் இருந்தது வேறு கூட்டம். மீன் வடிவ இக்தியோசர், நீண்ட கழுத்தும் நான்கு துடுப்புகளும் கொண்ட பிளீசியோசர், கடைசியாக வந்த மோசசர். இந்த மோசசருக்கு, நம் கால்வாய் ஓரங்களில் வெயில் காயும் உடும்பும் பாம்பும் தூரத்து உறவு. மூன்று வம்சத்தின் முன்னோரும் நிலத்தில் வாழ்ந்தவர்கள்தான். வெவ்வேறு காலத்தில், தனித்தனியாகக் கடலுக்குப் போனவர்கள்.

இவற்றைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் பல்லையும் நீளத்தையும்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால், இவற்றின் பிரசவம்தான் அதைவிடச் சுவாரஸ்யமான கதை.

ஆமையை எடுத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் அழுங்காமை கரையேறி முட்டையிட்டது என்று அவ்வப்போது செய்தி வருகிறது. கடலாமைகள் 10 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலில் வாழ்கின்றன. ஆனாலும் முட்டையிட வேண்டுமென்றால் மணலில் ஊர்ந்து ஏறியே தீரவேண்டும். ஓட்டுக்குள் இருக்கும் கரு, ஓட்டின் நுண்துளைகள் வழியாகத்தான் காற்றை வாங்குகிறது. முட்டை கடலுக்குள் கிடந்தால் கரு மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

இப்போது இக்தியோசரை நினைத்துப் பாருங்கள். கை கால் எல்லாம் துடுப்பாகிவிட்டன. வால் மீனுடையதைப்போல. கரைக்கு வந்தால் திமிங்கிலம்போலக் கிடக்க வேண்டியதுதான், ஊரவே முடியாது. அப்படியென்றால் முட்டையை எங்கே இட்டது?

பதில் ஜெர்மனியில், ஹோல்ட்ஸ்மாடன் என்ற ஊரின் கறுப்புப் பாறையில் இருந்தது. அந்தப் பாறைக்கு வயது சுமார் 18 கோடி ஆண்டுகள். அங்கே தோண்டி எடுத்த இக்தியோசர்களில் சிலவற்றின் விலா எலும்புகளுக்குள் குட்டி எலும்புக்கூடுகள் இருந்தன. ‘தன் குட்டியைத் தானே தின்றுவிட்டது’ என்று ஒரு சாரார். ‘இல்லை, பிறக்காத குட்டி’ என்று இன்னொரு சாரார். 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய சண்டை இது. தின்றிருந்தால் எலும்புகள் வயிற்று அமிலத்தில் அரித்துப்போயிருக்கும், கடிபட்டு உடைந்திருக்கும். இவையோ முழுசாக, தாயின் இனத்தைச் சேர்ந்தவையாகவே இருந்தன. ஆகவே இக்தியோசர் முட்டையிடவில்லை, கடலிலேயே குட்டி போட்டது.

சரி, இந்தப் பழக்கம் எப்போது வந்தது? கடலில் வாழ்ந்து வாழ்ந்து மெல்ல வந்திருக்கும் என்றுதான் பலரும் எண்ணினார்கள். 2014இல் சீனாவின் ஆன்ஹுய் மாநிலத்தில் சாவ்ஹூ பகுதிப் பாறை ஒன்று வேறு கதை சொன்னது. ஒரு பழங்கால மீனுக்காக எடுத்து வந்த பலகைக் கல் அது. ஆய்வுக்கூடத்தில் சுரண்டிச் சுத்தம் செய்தபோது, சாவ்ஹூசாரஸ் என்ற ஆதி இக்தியோசர் ஒன்றின் எலும்புகள் வெளிப்பட்டன. வயது சுமார் 24.8 கோடி ஆண்டுகள். தாயின் உடலுக்குள் ஒரு குட்டி, இடுப்பெலும்பைத் தாண்டிப் பாதி வெளியே வந்த நிலையில் ஒன்று, வெளியே ஒன்று. பாதி வந்திருந்த குட்டியின் தலை முன்னால் இருந்தது.

இந்தத் தலைதான் விஷயம். திமிங்கிலமும் ஓங்கிலும் பெரும்பாலும் வால் முதலில் வரும்படிதான் ஈனுகின்றன. தலை முதலில் வந்து பிரசவம் இழுத்துக்கொண்டால், பிறந்து முடிவதற்குள்ளேயே குட்டி தண்ணீரில் மூச்சுத் திணறிவிடக்கூடும் என்பார்கள். பிற்கால இக்தியோசர்களிலும் வால் முதலில் வந்தவை கிடைத்திருக்கின்றன. தலை முதலில் வருவது நிலத்து வழக்கம். ஆக, சாவ்ஹூசாரஸின் முன்னோர்கள் நிலத்தில் இருந்தபோதே குட்டி போடத் தொடங்கிவிட்டார்கள் என்பது அதை ஆராய்ந்தவர்களின் வாதம். கடலுக்குப் போனதால் முட்டையிடுவதைக் கைவிட்டதல்ல, முட்டையிடுவதைக் கைவிட்டிருந்ததால்தான் கரையை மறந்து கடலோடு போக முடிந்தது. எனக்கு இந்த வாதம் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு கல்லை நம்பி இவ்வளவு தூரம் போகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கேட்கட்டும்.

பிளீசியோசரும் குட்டி போட்டதுதான். அமெரிக்காவின் கான்சாஸில் கிடைத்த ஒன்றின் வயிற்றில் ஒரே ஒரு பெரிய குட்டி இருந்ததை 2011இல் அறிவித்தார்கள். ஒற்றைக் குட்டி என்பதால் தாய் அதைக் கவனித்து வளர்த்திருக்கும் என்றும் ஊகித்தார்கள். தாய்ப்பாசம் வரைக்கும் போக எனக்குத் தயக்கம். ஒற்றைக் குட்டி என்பது மட்டும்தான் கல்லில் இருக்கிறது.

இதெல்லாம் சீனா, ஜெர்மனி என்று தூரத்துச் சமாசாரமாகத் தோன்றலாம். தாய்லாந்தின் ஹாட்யாய்க்குப் போகிறீர்களே, அதற்கு வடக்கே பத்தலுங் மாநிலம். அங்கே கிடைத்த ஆதி இக்தியோசருக்கு 1991இல் ‘தாய்சாரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். நம் மலாய்த் தீபகற்பத்தின் வடபகுதிதான் அது.

எங்கள் துளையிடும் குழுவில் அரியலூர், பெரம்பலூர்க்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஊரும் ஒரு காலத்தில் கடல்தான். காரை கிராமத்தைச் சுற்றியுள்ள மண்மேடுகளில் சுமார் 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடற்படிவு கிடக்கிறது. பழைய திருச்சி மாவட்டத்தில் கிடைத்த இக்தியோசர் முதுகெலும்புகளை ஆங்கிலேய ஆய்வாளர் ரிச்சர்ட் லைடெக்கர் 1879இலேயே பதிவு செய்து ‘இண்டிகஸ்’ என்று பெயரிட்டார். இக்தியோசரின் முதுகெலும்பு தனித்து அடையாளம் தெரியும். கேரம் காயைப்போல வட்டமாக, இரண்டு பக்கமும் உள்ளே குழிந்திருக்கும். இக்தியோசர் வம்சம் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போனது, டைனோசர்களுக்கும் வெகு முன்பே. அப்படிப் பார்த்தால் சாவ்ஹூவில் இருப்பது கதையின் முதல் பக்கம், காரையில் இருப்பது கிட்டத்தட்டக் கடைசிப் பக்கம்.

2020இல் பெரம்பலூரில் ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய உருண்டைக் கற்கள் நினைவிருக்கிறதா? அவை முட்டையல்ல, அம்மோனைட் என்ற கடலுயிரியைச் சுற்றிக் கனிமம் இறுகிய உருண்டைகள். முட்டையைவிட அதுதான் அந்த ஊரின் உண்மையான கதை, கடல் கதை. ஊருக்குப் போகும்போது சாத்தனூர் கல்மரத்தையும் பார்த்துவிடுங்கள். 18 மீட்டர் நீளம். கடலில் மிதந்து வந்து சேற்றில் புதைந்த மரம்.

கல் பொறுக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் மேரி ஆனிங் என்ற ஏழைப் பெண், 1812இல் இக்தியோசரையும் 1823இல் முழு பிளீசியோசரையும் குன்றிலிருந்து எடுத்தார். கட்டுரை எழுதிப் பெயர் வாங்கியவர்கள் வசதியான ஆண்கள். அதே நாட்டில் 2020இல் 11 வயதுச் சிறுமி ஒருத்தி அப்பாவோடு கடற்கரையில் நடந்தபோது தாடை எலும்புத் துண்டுகளைக் கண்டாள். அவர்கள் அதை அலமாரியில் வைத்துக்கொள்ளாமல் வல்லுநரிடம் சொன்னார்கள். மீதித் துண்டுகளையும் தேடி ஒட்டிப் பார்த்தால் 2 மீட்டருக்கும் மேல் நீளம். அந்த இக்தியோசர் 25 மீட்டர் வரை இருந்திருக்கும் என்று 2024இல் கணித்தார்கள். அந்த ஆய்வுக் கட்டுரையில் சிறுமியின் பெயரும் இருக்கிறது.

ஆகையால் காரைப் பக்கம் வட்டமான, குழிந்த கல் ஒன்று கண்ணில் பட்டால், பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். இருந்த இடத்திலேயே வைத்து, பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். இடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு அனுப்புங்கள். எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரியாத எலும்புக்கு வயது சொல்வது கடினம்.

நன்றி, வணக்கம்.