சந்தேகங்களுக்கு விளக்கம்: 1,457 யார்டு பாக்கி வைத்துவிட்டுப் போனவர்

ஒரு நேயர் கேட்ட கேள்வி ரெண்டு நாளாக என்னைக் குடைகிறது. "அமெரிக்கன் ஃபுட்பால் பதிவில் பேரி சாண்டர்ஸ் பேரைச் சொல்லிவிட்டு அப்படியே தாண்டிவிட்டீர்கள். இன்னும் ஒரு சீசன் ஆடியிருந்தால் ஓட்டச் சாதனை அவருடையது. பயந்துதானே விலகினார்?"

பயமா? தெரியாதவர்களுக்கு: சாண்டர்ஸ் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்காகப் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடியவர், 1999-ல் விலகினார். ஓடும் தூரத்தை யார்டில் எண்ணுவார்கள். சரி, கணக்கைப் பார்ப்போம். மொத்த ஓட்டத்தில் அப்போதைய சாதனை வால்டர் பேட்டனுடையது, 16,726 யார்டு. சாண்டர்ஸ் ஓடியது 15,269. பாக்கி 1,457. முந்தைய 1998 சீசனில் மட்டும் அவர் ஓடியது 1,491! வழக்கம்போல இன்னொரு வருஷம் ஆடினால் முடிந்தது. வயது 31. பத்து வருஷத்தில் 160 ஆட்டங்களில் 153 ஆடியிருக்கிறார். உடம்பும் நன்றாகத்தான் இருந்தது.

பழைய நேயர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் சொல்கிறேன்: யார்டை எண்ணாதீர்கள், இடியை எண்ணுங்கள். 3,062 முறை பந்தை வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். பெரும்பாலும் ஒவ்வொரு ஓட்டமும் யாராவது ஒரு மலை மாதிரி ஆள் மேலே விழுந்துதான் முடியும்.

ஆனால் இவர் கதையில் இடி மட்டும் காரணமில்லை. 1989, முதல் வருஷம், கடைசி ஆட்டம். டெட்ராய்ட் லயன்ஸ் வெற்றி உறுதியாகிவிட்டது. அந்த வருஷம் அதிகம் ஓடியவர் என்ற பட்டத்துக்கு 10 யார்டு பாக்கி. "உள்ளே போகிறாயா?" என்று பயிற்சியாளர் வெய்ன் ஃபோன்ட்ஸ் கேட்கிறார். இவர் வேண்டாம் என்றுவிட்டார். பட்டம் கன்சாஸ் சிட்டியின் கிறிஸ்டியன் ஒகோயேவுக்குப் போயிற்று. பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் அடித்தாலும் சாண்டர்ஸிடம் ஆட்டம் பாட்டம் கிடையாது. பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவார். 10 யார்டையே வேண்டாம் என்றவருக்கு 1,457 எம்மாத்திரம்?

அவரை அரித்தது தோல்வி. அந்தப் பத்து வருஷத்தில் பிளேஆஃபில், அதாவது சீசன் முடிந்தபின் நடக்கும் நாக்அவுட் சுற்றில், லயன்ஸ் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். நல்ல ஆட்டக்காரர்களை நிர்வாகம் கைவிட்டதைப் பற்றி அவரே பிற்பாடு பேசியிருக்கிறார். 1999 ஜூலையில், பயிற்சி முகாம் தொடங்கும் நேரத்தில், சொந்த ஊரான விச்சிட்டாவின் நாளிதழுக்கு, விலகுகிறேன் என்று ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார். அவ்வளவுதான். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஃபேக்ஸ் தாள் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். கணக்கு கேட்டவரிடம் வெற்றுத் தாளை நீட்டித் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த மாதிரி ஒரு தாளில் ஒரு நட்சத்திரத்தின் ஆட்டம் முடிந்தது! ஒப்பந்தப் போனஸில் ஒரு பகுதியை அணி திருப்பிக் கேட்டது வேறு கதை.

இன்னொரு பக்கம் இதே ஆட்டத்தின் இன்னொரு பெரிய நட்சத்திரம் டாம் பிரேடி. 2022 பிப்ரவரியில் ஓய்வு, நாற்பதே நாளில் திரும்ப வந்துவிட்டார். அவருடைய 'கடைசி டச்டவுன் பந்து' என்று ஒருவர் 5 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஏலத்தில் எடுத்திருந்தார். அந்த ஏலம் முடிந்த சூட்டோடு இந்த அறிவிப்பு! நல்லவேளை, விற்பனையை ரத்து செய்தார்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். தானாக விலகியவர்களைப் பற்றியே கேட்கிறீர்களே, விலக்கப்பட்டவர்களைப் பற்றி ஏன் யாரும் கேட்பதில்லை? சீசன் தொடங்குமுன், ஆகஸ்ட் கடைசியில், ஒவ்வொரு அணியும் 90 பேரை 53 ஆகக் குறைக்கும். மொத்தம் 32 அணி. பெருக்கிப் பாருங்கள், ஆயிரத்துக்கு மேல் வரும். காலையில் ஓர் ஆள் வந்து, "கோச் கூப்பிடுகிறார், பிளேபுக்கையும் எடுத்துக்கொண்டு வா" என்பார். பிளேபுக் என்றால் அணியின் ஆட்டத் திட்டங்கள் அடங்கிய புத்தகம். கேட்டதுமே பையனுக்குப் புரிந்துவிடும். இப்போது புத்தகத்துக்குப் பதில் டேப்லட். அதையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் அனுப்புவார்கள்.