ஐந்து டாலர் கச்சேரி

வணக்கம். ஹார்ட்கோர் பங்க் என்கிற அதிவேக ராக் இசை என்றால் வெறும் காட்டுக்கூச்சல்தானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தப்பில்லை, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

1980இல் வாஷிங்டனிலிருந்து டீன் ஐடில்ஸ் என்ற பையன்கள் குழு ஒன்று கலிஃபோர்னியாவுக்கு வாசிக்கப் போனது. சான் பிரான்சிஸ்கோ கிளப் ஒன்றில், குடிக்கும் வயது ஆகாதவர்களுக்கு யாரும் மது ஊற்றிவிடக் கூடாது என்று புறங்கையில் கறுப்பு மையால் எக்ஸ் போட்டு உள்ளே விட்டார்கள். பையன்களுக்கு அது அவமானமாகப் படவில்லை. எங்களுக்கும் இப்படியே செய்யுங்கள், பாட்டுக் கேட்கத்தான் வருகிறோம் என்று சொந்த ஊர் கிளப்களிடம் போய்க் கேட்டார்கள்!

அந்த ஆண்டே குழு கலைந்தது. கையிலிருந்த சுமார் 600 டாலரில் டிஸ்கார்ட் என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனம் பிறந்தது. அந்தக் குழுவிலிருந்த இயன் மக்காயும் ஜெஃப் நெல்சனும் மைனர் த்ரெட் குழுவைத் தொடங்கினார்கள். அவர்களுடைய 'ஸ்ட்ரெயிட் எட்ஜ்' பாட்டு மொத்தமே 46 நொடி. குடியும் போதையும் எனக்கு வேண்டாம், அவ்வளவுதான் விஷயம். ஆனால் 'எனக்கு வேண்டாம்' என்று மக்காய் பாடியது சிலர் காதில் 'உனக்கும் கூடாது' என்று விழுந்தது. 'அவுட் ஆஃப் ஸ்டெப்' என்ற இன்னொரு பாட்டு அதட்டல் போல ஒலிக்கிறதே என்று டிரம்மர் நெல்சனுக்கே உறுத்தல். 1983 இசைத்தட்டில், இது யாருக்கும் சட்டமில்லை என்று அந்தப் பாட்டுக்கு நடுவே மக்காய் பேசியே விளக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டே அந்தக் குழுவும் கலைந்தது.

அப்புறம் 1987இல் மக்காயின் புதிய குழு ஃபுகாசி. வேகம் தணிந்தது. ஜோ லாலியின் பேஸ் கிடார் ஜமைக்காவின் ரெகே இசைச் சாயலோடு முன்னால் வந்து நின்றது. முழக்கத்துக்கு நடுவே சட்டென்று ஒரு மௌனம். எனக்கு அந்த இடம்தான் உயிர். கொள்கையும் பாட்டு வரியிலிருந்து டிக்கெட் கவுண்டருக்கு இறங்கியது. டிக்கெட் பெரும்பாலும் 5 டாலர். எந்த வயதினரும் வரலாம். டி-ஷர்ட் வியாபாரம் கிடையாது. கூட்டத்தில் யாராவது அடிதடியில் இறங்கினால் பாட்டை நிறுத்துவார்கள். ஆளை வெளியே அனுப்பும்போது டிக்கெட் காசை உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள்!

2003இலிருந்து குழு மேடையேறவில்லை. 2011இல் பழைய கச்சேரிப் பதிவுகளை இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். முடிந்ததைக் கொடுங்கள் என்றாலும், ஒரு கச்சேரிக்கு அவர்கள் குறித்து வைத்த தொகை அதே 5 டாலர்.